7/25: நகலுக்கு 14,000 ரூபாயா?

கேள்வி, ஜனவரி 4, மாலை 6.10

நேற்று ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன கேலரிக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். பிரிண்ட்மேக்கிங் கண்காட்சி. ஓவியக் கல்லூரி முடித்த ஐந்தாறு பேர் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஒரு படம் மனதில் ஒட்டிக்கொண்டது: காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த ஜாக்கெட். கறுப்பு மட்டும்தான், கலரே இல்லை. விலை 14,000. கீழே பென்சிலில் 7/25 என்று போட்டிருந்தது. கேட்டால் இதே படம் 25 இருக்கிறதாம். அசல் எங்கே என்றேன். “அசல்னு தனியா ஒண்ணு இல்ல சார்” என்று சிரித்தார் வரைந்த பெண். நகலுக்கு 14,000 ரூபாயா? அச்சுத் தொழிலில் இருந்த அண்ணாச்சி யாராவது சொல்லுங்கள். வாங்கலாமா? வாங்கினால் எந்த நம்பர் நல்லது?

ஜனவரி 4, இரவு 9.40

அண்ணாச்சி என்று கூப்பிட்ட பிறகு சும்மா இருக்க முடியாது. சிவகாசிக்காரன், முப்பது வருடம் ஆஃப்செட் அச்சில். கண்காட்சியை இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் பேசுவேன்.

நகல் என்ற சொல்தான் தப்பு. ஏற்கெனவே ஒன்று இருந்து, அதைப் பார்த்து எடுத்தால் நகல். கேன்வாஸில் வரைந்ததை போட்டோ எடுத்து ஆஃப்செட்டில் ஓட்டினால் அது நகல். இதில் முன்னால் எதுவும் இல்லை. தகட்டில் கீறுகிறார்கள், பலகையில் செதுக்குகிறார்கள், கல்லில் வரைகிறார்கள். அந்தத் தகடு படமல்ல. இடவலம் மாறி, மை அடைத்துக்கொண்டு, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். தாளில் விழுந்த பிறகுதான் படம். இட்லித் தட்டைக் காட்டி இதுதான் அசல் இட்லி, இலையில் வைத்ததெல்லாம் நகல் என்று யாரும் சொல்வதில்லையே.

லித்தோவில், அதாவது கல்லச்சில், இது இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில், பவேரியாவில், சோல்ன்ஹோஃபென் என்ற ஊரில் வெட்டும் சுண்ணாம்புக்கல்தான் அதற்குக் கல். 1796 வாக்கில் அலாய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த வித்தை. கொழுப்புள்ள மசியால் கல்லில் வரைவார்கள். கோந்தில் கொஞ்சம் ஆசிட் கலந்து பூசுவார்கள். அப்புறம் தண்ணீர் தடவி மை ரோலரை உருட்டினால் வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்துவிட்டு, அதே கல்லில் அடுத்த படம். இப்போது சொல்லுங்கள், அசல் எங்கே? தேய்த்த மணலோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

நம்பரைப் பற்றி: 25 அடித்ததில் ஏழாவதாக வந்தது 7/25. எல்லாம் முடிந்ததும் தகட்டில் குறுக்கே கீறிக் கெடுத்துவிடுவார்கள். முதலில் வருவதுதான் மேல். ஒற்றை இலக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜனவரி 5, காலை 7.15

பரோடா ஓவியக் கல்லூரியில் படித்த மேடம் விடியற்காலையிலேயே என் கடைசி பத்தியைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நியாயம்தான். வாபஸ்.

ஏழாவது நம்பர் என்றால் ஏழாவதாக அடித்தது என்று கட்டாயம் இல்லையாம். ஈரத்தாளில் அடித்ததைக் காயப்போட்டு, தட்டையாக்கி, கெட்டதைக் கழித்து, மிஞ்சியதை அடுக்கி வைத்துத்தான் பென்சிலை எடுப்பார்கள். அதற்குள் வரிசை கலைந்திருக்கும். லினோலியம் ஷீட்டில் வெட்டும் லைனோ, மரச்செதுக்கு, தகட்டில் கோட்டை ஆசிட் ஆழமாகத் தின்ற எட்சிங் இதிலெல்லாம் மூன்றுக்கும் இருபத்திமூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். தகட்டைக் கீறிக் கெடுப்பதும் எல்லோரும் செய்வதில்லை. நான் எங்கோ படித்ததை நேரில் பார்த்தது போல அடித்துவிட்டேன்.

இட்லித் தட்டு உவமையையும் அவர் விடவில்லை. “தட்டு மாவுக்கு உருவம் தரும், சுவை தராது” என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டிருந்தால் உருவமும் தராது என்று தெரிந்திருக்கும்.

ஜனவரி 5, மதியம்

மேடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: நான் கல்லைப் பார்த்திருக்கிறேனா? வேலை செய்யும் கல்லைப் பார்த்ததில்லை. அப்பா லித்தோவில்தான் இருந்தார், ஆனால் அவர் காலத்தில் ஜிங்க் பிளேட் வந்துவிட்டது. பிரஸ் வாசலில் ஒரு பழைய கல் படிக்கல்லாகக் கிடந்தது. அதில் நின்றுதான் கால் கழுவுவோம். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற இறகு முளைத்த பழங்கால உயிரின் தடம் கிடைத்ததும் அதே சோல்ன்ஹோஃபென் கல்லில்தான், 1861ல். அதன் அறிவியல் பெயரின் பாதி லித்தோகிராஃபிகா. ஒரு விலங்குக்கு அச்சுக்கல்லின் பெயர். அந்த ஜாதிக் கல்லின் மேல் நின்றுதான் கால் கழுவியிருக்கிறோம் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஜிங்க் பிளேட்டையும் கல் மாதிரியே திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். கிரெயினிங் மெஷின் என்று ஒரு பெரிய தொட்டி. பிளேட்டை உள்ளே போட்டு, மணலும் தண்ணீரும் விட்டு, மேலே நூற்றுக்கணக்கில் கண்ணாடிக் கோலிகளைக் கொட்டி ஆட்டுவார்கள். பழைய படம் போய், பிளேட் பூப்பூவாக எழும்பும். கோலிகள் தேய்ந்து சின்னதாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருப் பையன்கள் விளையாடியது எல்லாம் அந்தக் கோலிதான். எத்தனை லட்சுமியையும் முருகனையும் அழித்த கோலிகளோ.

ஜனவரி 7, இரவு

போய்ப் பார்த்துவிட்டேன். மாடிப்படியில் லைட் இல்லை, பார்த்து ஏறுங்கள்.

மொத்தம் நாற்பது படம் இருக்கும். பெரும்பாலானவை சுமார், நாலு பிரமாதம், இரண்டு எனக்குப் புரியவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு ராட்சச மரச்செதுக்கு, ஆறடி உயரம், பிளைவுட்டில் வெட்டியது. பிளைவுட்டின் நரம்பெல்லாம் வானத்தில் மழை மாதிரி விழுந்திருக்கிறது. அந்த அளவுக்கு பிரஸ் கிடைக்காததால் தாளை விரித்து மேலே நின்று காலால் மிதித்தும், எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தும் எடுத்தார்களாம். பெரியமேட்டுத் தோல் கிடங்குகளை எட்சிங்கில் போட்டிருக்கிறான் ஒரு பையன். கல்லூரிக்கும் அந்தத் தெருக்களுக்கும் நடக்கிற தூரம்தானே, தினமும் பார்த்த கை தெரிகிறது. நிழல் பூராவும் அக்வாடின்ட். பிசின் தூளைத் தூவி, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, ஆசிட்டில் போட்டால் புள்ளிபுள்ளியாகத் தின்று சாம்பல் நிறம் கிடைக்கும். எங்கள் தொழிலில் ஸ்கிரீன் போட்டு டாட் எடுப்பதை இவர்கள் பிசினை வைத்தே எடுத்துவிடுகிறார்கள். அதன் முன்னால் நான் நின்ற நேரம் அதிகம்.

இனி தையல் மெஷின். அது டிரைபாயின்ட். ஆசிட்டே கிடையாது. ஊசியால் அக்ரிலிக் ஷீட்டில் நேராகக் கீறியிருக்கிறார். கீறும்போது கோட்டின் ஓரத்தில் உழுத மண் மாதிரி ஒரு பிசிறு எழும்பும். மை பள்ளத்திலும் நிற்கும், அந்தப் பிசிறிலும் நிற்கும். அதனால்தான் கோடு வெல்வெட் போல் விழுகிறது. நண்பர் மயங்கியது அதில்தான், அவருக்கே தெரியாமல்.

மீதி எந்த நம்பரெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். ஃபோல்டரைத் திறந்து நான்கைத் தரையில் பரப்பினார். 3, 11, 16, 23. அங்கேதான் அசந்துபோனேன். மூன்றில் ஜாக்கெட்டின் மடிப்பெல்லாம் கரி பூசியது போல் ததும்புகிறது. பதினாறில் அது கொஞ்சம் வற்றியிருக்கிறது. 23ல் பிசிறு முழுக்க நசுங்கிப்போய், வெறும் மெல்லிய கோடு. ஒவ்வொரு முறை ரோலருக்கு அடியில் போகும்போதும் பிசிறு கொஞ்சம் சாகிறது. ஆக, மேடம், டிரைபாயின்டில் வரிசை உண்டு. இவர் அடித்த வரிசையிலேயே நம்பர் போட்டிருக்கிறார், கேட்டுவிட்டேன். என்னுடைய வாபஸில் பாதி வாபஸ்.

இருபத்தைந்துக்கு மேல் ரகசியமாக இன்னும் ஐம்பது அடித்தால் யாருக்குத் தெரியும் என்றும் கேட்டேன். வியாபாரப் புத்தி. அந்தப் பெண் கோபப்படவில்லை. “அடிச்சா வராது சார். கோடு செத்துப்போச்சு” என்றார்.

ஜனவரி 7, இரவு, ஐந்து நிமிடம் கழித்து

விலை சொல்ல மறந்துவிட்டேன். 14,000 ஃபிரேமோடு. ஃபோல்டரில் இருப்பது 9,500. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் நீங்கள்.

ஜனவரி 8

“கிராஃபிக்ஸ் என்றால் கம்ப்யூட்டர்தானே, இதில் என்ன கை வேலை” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நம் ஓவியக் கல்லூரிகளில் வெகுகாலம் இந்தத் துறையை கிராஃபிக்ஸ் என்றேதான் சொல்லிவந்தார்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் இருப்பதும் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோதான். அச்சோவியம் என்கிறார்கள், பதிப்போவியம் என்கிறார்கள், பேச்சில் எல்லோரும் பிரிண்ட் என்கிறார்கள். இதற்கு நான் வைக்கும் பெயரைக் கேட்டால் சொல்கிறேன்: மை வேலை.

ஜனவரி 10, இரவு 11

இரண்டு நாளாக ‘கோடு செத்துப்போச்சு’ மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை பேசியதில் ஒன்றை மாற்றிச் சொல்ல வேண்டும்.

டிரைபாயின்டில் 25 என்பது நிஜமான எண். தகடு அதோடு சரி. ஆனால் லைனோவில் 25 என்று போடுவது? லைனோவில் நூறு வரும், கவனமாக அடித்தால் அதற்கு மேலும் வரும். அங்கே 25 என்பது சும்மா ஒரு ஒப்பந்தம். நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், நீ விலை கொடு. இரண்டுக்கும் அதே பென்சில், அதே சாய்கோடு. இது எனக்கு உறுத்துகிறது.

பழைய ஆட்கள் யாரும் நம்பர் போட்டதில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1831 வாக்கில் வந்தது. ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். விற்க விற்க அடித்தார்கள், பலகைக் கோடு தேய்ந்து உடையும்வரை அடித்தார்கள். செதுக்கியதும் அடித்ததும்கூட ஹொகுசாய் இல்லை, அதற்குத் தனி ஆட்கள். ஸ்பெயின் ஓவியர் கோயா 1810ல் தொடங்கிப் பத்து வருடம் கீறிய போர்க் கொடுமைப் படங்கள் அவர் உயிரோடு இருந்தவரை வெளியாகவே இல்லை. 1828ல் இறந்தார், 1863ல்தான் மாட்ரிட் அகாடமி 80 தகடுகளையும் அச்சிட்டது. அந்தப் பதிப்பில் கோயாவின் பென்சில் எங்கிருந்து வரும்? டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் செப்புத் தகடுகளை அவர் செத்து நூறு, இருநூறு வருடம் கழித்தும் ஆள் மாற்றி ஆள் வாங்கி ஓட்டினார்கள்.

பென்சில் கையெழுத்து பழக்கமானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஓவியர் விஸ்லரும் அவருடைய மைத்துனர் ஹேடனும் போட ஆரம்பித்த பிறகு. நம்பர் போடும் வழக்கம் ஊன்றியது அதற்கும் அப்புறம்தான். அதாவது போட்டோவும் மெஷின் அச்சும் வந்து, யார் வேண்டுமானாலும் எதையும் லட்சக்கணக்கில் அடிக்கலாம் என்று ஆன காலத்தில், ‘இது அது இல்லை’ என்று காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது. அப்புறம் அந்த அடையாளமே சரக்கானது. 1974ல் பிரெஞ்சு சுங்கத்துறை ஒரு வண்டியை நிறுத்திப் பார்த்தால் உள்ளே 40,000 வெற்றுத் தாள், எல்லாவற்றிலும் ஓவியர் சால்வடார் டாலியின் கையெழுத்து. படம் பின்னால் வந்துகொள்ளட்டும் என்று கையெழுத்து முன்னால் கிளம்பிவிட்டது.

எங்கள் ஊரில் எண்ணிக்கை என்றால் கூடக் கூடத்தான் பெருமை. அந்த முருகன் பத்து லட்சம் ஓடினான் என்பார்கள். இருபத்தைந்தோடு நிறுத்தினேன் என்று அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால், மெஷின் ரிப்பேரா என்று கேட்டிருப்பார்.

ஜனவரி 11, காலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் “அப்போ வாங்க வேண்டாமா அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. எண்ணுக்காக வாங்காதீர்கள் என்கிறேன். படத்துக்காக வாங்குங்கள்.

ஜனவரி 11, இரவு

எச்சரிக்கை ஒன்று, இதற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று ஒரு கோயில் யானைப் படம் வாங்கினேன். 40/100, கையெழுத்து, சான்றிதழ், எல்லாம் பக்கா. வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்தேன். இங்க்ஜெட். அச்சுக்காரனே ஏமாந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை, யானை ஹாலில்தான் இருக்கிறது.

இதற்கு அழகாக ஜிக்லே என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 1991ல் அமெரிக்காவில் கிளம்பிய பெயர். பீய்ச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. நல்ல மையில், நல்ல தாளில் செய்தால் அதுவும் ஒரு சரக்குதான், அதற்குரிய விலைக்கு. ஆனால் அது நகல். ஜனவரி 4ல் நான் சொன்ன அர்த்தத்திலேயே நகல்.

பார்க்கும் விதம் இதுதான். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஆஃப்செட் என்றால் நாலு கலர் டாட்டும் ரோஜாப்பூ வட்டமாகத் தெரியும். இங்க்ஜெட் என்றால் பொடிப்பொடியாகத் தூவியது மாதிரி. எட்சிங்கில் டாட்டே இருக்காது, கோட்டின் மேல் மை மேடாக நிற்கும். விரலால் தடவ விட மாட்டார்கள், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தையும் போலியாக அழுத்தி வைக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மரச்செதுக்கு, லைனோவைக் கையால் தேய்த்து எடுத்திருந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள், தேய்த்த தடம் பின்பக்கம் பளபளக்கும். லித்தோதான் கஷ்டம், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. அதில் எனக்கே இன்னும் தடுமாற்றம் உண்டு.

ஜனவரி 13

கண்காட்சியில் ‘வெறும் வெள்ளைத் தாளை மாட்டி வைத்திருக்கிறார்கள்’ என்று புலம்பியவருக்கு. அது வெறும் தாள் இல்லை, மை போடாமல் அழுத்தியது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், முறிந்த செங்கல் சுவர் தெரியும்.

இந்த வழியில் பெரிய வேலை செய்தவர் சோம்நாத் ஹோர். சிட்டகாங்கில் 1921ல் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். 1970களில் ‘காயங்கள்’ என்று ஒரு வரிசை செய்தார். களிமண் பலகையைக் கத்தியால் கிழித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு, அதற்கு சிமென்ட் அச்சு எடுத்து, அந்த அச்சில் தாள் கூழை ஊற்றி அழுத்தி எடுத்தது. மை கிடையாது. வெள்ளைத் தாள் முழுக்க வெட்டுக்காயம். புத்தகத்தில் அச்சடித்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நேரில் ஒருமுறை பார்த்தபோது முதுகு கூசியது. ஆஃப்செட்டில் எப்படி ஓட்டினாலும் வராத சில படங்களில் அது ஒன்று.

அதே பஞ்சத்தைப் பற்றி ஓவியர் சித்தபிரசாத் படங்களும் எழுத்துமாக ‘பசித்த வங்கம்’ என்று ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு 5,000 பிரதிகளையும் பறித்து அழித்தது. குடும்பத்தில் ஒரு பிரதி தப்பியது. நம்பரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நான் இதை நினைத்ததும் கொஞ்சம் அடங்கினேன். ஒற்றை ஓவியமாக இருந்திருந்தால் ஒரு தீக்குச்சி போதும்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து. கரும்பு கடித்த வாயோடு ஒரு அவமானக் கதை.

கண்காட்சியை ஒட்டி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள், லைனோ வெட்டப் போனேன். என்னைத் தவிர எல்லோரும் இருபது வயது. லைனோ ஷீட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகி வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். கத்தி போகும் திசையில் கையை வைக்காதே என்றார்கள், வைத்தேன், பிளாஸ்டர் போட்டார்கள். ‘சென்னை’ என்று பெரிதாக வெட்டினேன். மையை உருட்டும்போது கண்ணாடியில் சரசரவென்று ஒரு சத்தம் வரும், மை பதமா என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அதில் மட்டும் எனக்கு முதல் மார்க். சுற்றி நின்ற பிள்ளைகள் மரியாதையோடு பார்த்தார்கள். தாளை வைத்து, கரண்டியால் தேய்த்து, உரித்து எடுத்தேன்.

எழுத்து இடவலமாக விழுந்திருந்தது. ஐகாரக் கொம்பு முன்னால் இருப்பதற்குப் பதில் னகரத்துக்குப் பின்னால் போய், வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

முப்பது வருடம் அச்சில் இருந்தவனுக்கு இது எப்படி மறந்தது? யோசித்தால் காரணம் ஆஃப்செட்தான். ஆஃப்செட் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும். பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்குப் போகும்போது ஒருமுறை திரும்பும், பிளாங்கெட்டிலிருந்து தாளுக்கு வரும்போது மறுபடி திரும்பி நேராகிவிடும். நான் வாழ்நாளில் தலைகீழ் எழுத்தைப் பார்த்துப் பழகவே இல்லை. ஈய எழுத்து கோத்த கம்போசிங் ஆட்கள் தலைகீழாக நாளிதழே படிப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

இடவலம் மாறினாலும் கெடாத தமிழ் எழுத்து எது என்று அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு ஆராய்ச்சி. ஆய்த எழுத்து உறுதியாக. பகரம் ஏறக்குறைய. இரண்டை வைத்துக்கொண்டு ஒரு ஊர் பெயரும் எழுத முடியாது.

ஜனவரி 17

“தெற்கில் யார் இருக்கிறார்கள், எல்லாம் வங்காளம், பரோடாதானே” என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. கிருஷ்ணா ரெட்டி. சித்தூர் பக்கம் 1925ல் பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர், 1940களின் கடைசியில் சென்னையில் கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அங்கிருந்து லண்டன், அப்புறம் பாரிஸில் ஹேட்டர் நடத்திய அட்டெலியே 17 என்ற அச்சோவியப் பட்டறை. எங்களுக்கு நாலு கலருக்கு நாலு பிளேட், நாலு ஓட்டம். ரிஜிஸ்டர், அதாவது கலர் மேல் கலர் பொருந்துவது, ஒரு மயிரிழை தவறினால் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். இவரும் கூட்டாளிகளும் ஒரே தகட்டில் பல கலரை ஒரே ஓட்டத்தில் எடுத்தார்கள். தகட்டைச் சிற்பம் மாதிரி வெவ்வேறு ஆழத்தில் வெட்டி, ஒவ்வொரு மையிலும் எண்ணெயை வெவ்வேறு அளவில் கலந்து, கெட்டி ரோலரை மேட்டிலும் மெத்து ரோலரைப் பள்ளத்திலும் உருட்டினால் மைகள் ஒன்றையொன்று தள்ளி, தத்தம் இடத்தில் உட்காரும். விஸ்காசிட்டி முறை என்று பெயர். 2018ல் நியூயார்க்கில் காலமானார். அவர் பேரைச் சிவகாசியில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம்.பழனியப்பனையும் தேடிப் பாருங்கள், நம் சென்னைக் கல்லூரிதான். அவர் தாள்களில் கோடுகள் விமானம் மாதிரி பறக்கும்.

ஜனவரி 18

இன்று மறுபடி போனேன். ஆறடி மரச்செதுக்கு விற்றுவிட்டது. மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, சோதனைக்கு எடுத்த ப்ரூஃபெல்லாம் அதில். கையெழுத்து இல்லை, நம்பர் இல்லை, மை அப்பியது, தாள் நகர்ந்தது. கிளறிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவது பிரஸ்ஸின் வேஸ்ட் ஷீட்டில்தான். மெஷினை செட் பண்ணும்போது நல்ல தாளை வீணாக்காமல் அதே பழைய தாளைத் திரும்பத் திரும்ப விடுவார்கள். ஒரே தாளில் சரஸ்வதி, அவள் வீணையின் மேல் ஊசிப் பட்டாசு லேபிள், அதன் மேல் தலைகீழாகத் தீப்பெட்டிக் கிளி, ஒரு மூலையில் 1982ஆம் வருடத்து மார்ச் மாதம். என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு. லட்சம் லட்சமாக ஓடிய ஊரில் உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று இருந்தது அந்த வேஸ்ட் மட்டும்தான். ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு ப்ரூஃப் கேட்டேன், பெரியமேடு எட்சிங், ஆசிட் கூடுதலாகத் தின்று பாதி கறுத்துப்போனது. விற்கிறதில்லை என்றான் பையன். அப்புறம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்றான். 1,500க்கு முடிந்தது.

ஜனவரி 20

நண்பர் முடிவெடுத்துவிட்டார். 23/25, ஃபிரேம் இல்லாமல், 9,500. நான் 3ஐத்தான் சொல்லியிருந்தேன், அது முந்தாநாளே போய்விட்டது. 11ம் 16ம் இருந்தும் 23ஐ எடுத்திருக்கிறார். “மெலிஞ்ச கோடுதான் எங்கம்மா மெஷின் மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்கிறார். ஒற்றை இலக்கம் வாங்கு என்று சொன்னவன் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஃபிரேம் போடக் கொடுக்கும்போது: தாளை அட்டையில் ஒட்ட விடாதீர்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் மவுன்ட் வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் மையும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளும். வெயில் படும் சுவர் வேண்டாம். முக்கியமாக ஓரத்தை வெட்ட விடாதீர்கள். எனக்கு ஒரு ஃபிரேம்காரர் ‘நீட்டா இருக்கட்டும்’ என்று தகட்டுத் தடம் வரைக்கும் வெட்டிக் கொடுத்திருக்கிறார், கையெழுத்து எல்லாம் குப்பைக்கூடையில். கடையில் நின்று வேலை வாங்குங்கள்.

ஜனவரி 22

நண்பர் இப்போதுதான் போன் செய்தார். கடையில் நிற்கிறாராம். நான் சொன்னதெல்லாம் சொல்லிவிட்டாராம், ஒட்டவில்லை, வெட்டவில்லை, மவுன்ட் போட்டாயிற்று. ஃபிரேம்காரர் கண்ணாடியை மூடப்போகும் நேரத்தில் ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: “கீழ பென்சில்ல யாரோ கணக்குப் போட்டிருக்காங்க சார், அழிச்சிரவா?”